ஏற்றம் கிடக்கட்டும், இறக்கத்தைப் பாருங்கள்

ஊவாத் தோட்டங்களில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் ஓட்டக்காரத் தம்பி தங்கைகளுக்கு,

முதலாந் தவணை வந்துவிட்டால் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி களைகட்டும். இல்லங்களுக்கு வர்ணக் கடதாசி ஒட்டத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு விடியற்காலையில் ரோட்டில் மரதன் வைப்பார்கள். அதில் முன்னுக்கு வந்தவர்களைக் கோட்டத்துக்கும் வலயத்துக்கும் கூட்டிப் போவார்கள்; கால் இடம் கொடுத்தால் மாகாணம் வரை போகலாம். அந்தப் பருவம் ஓயும்போது பசறையிலோ மடுல்சீமையிலோ பூனாகலையிலோ தெமோதரையிலோ ஏதாவதொரு லயத்து இஸ்தோப்பில் ஒரு பிள்ளை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முழங்காலில் கோடாலித் தைலம் மணக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் இந்த மடல். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன குமார் சண்முகேஸ்வரன் இராணுவ அணியில் சேர்ந்து 5,000, 10,000 மீற்றரில் நாட்டின் முன்வரிசைக்கு வந்ததைப் பார்த்து, நாமும் ஓடலாம் என்று நினைத்த பிள்ளை அது.

நான் வைத்தியன் இல்லை. ஓடியவன், ஓடுகிற பிள்ளைகளோடு மாலை நேரத்தில் மைதானத்தில் நிற்கிறவன். முழங்காலைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கும் பழக்கமும் உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்கள் சமதரையிலோ, அறைக்குள் ஓடும் மெஷினிலோ ஓடுகிறவர்களைப் பார்த்து எழுதியவர்கள். பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம், பண்டாரவளையில் நகர மைதானம், தியத்தலாவைப் பக்கம் கொஞ்ச இடம் என்று எண்ணி முடித்தால், நமக்குச் சமதரை அதோடு சரி. ஆகவே அவர்கள் சொன்னதை நம் மலைக்கு ஏற்ற மாதிரிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்வி: ஓடுகிற விதத்தை மாற்றினால் வலி போய்விடுமா? ஒருவர் குதிகாலை ஊன்றாதே என்கிறார். இன்னொருவர் காலை எட்டிப் போடு என்கிறார். யூடியூப்பில் ஒருவர் நிமிர்ந்து ஓடச் சொல்கிறார், அடுத்த வீடியோவில் இன்னொருவர் குனிந்து ஓடச் சொல்கிறார். விதத்தை மாற்றலாம், பலனும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கனடாவில் எஸ்குலியே என்ற இயன்மருத்துவரும் கூட்டாளிகளும் முழங்காற் சில்லைச் சுற்றி வலி இருந்த 69 ஓட்டக்காரர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து 8 கிழமை கவனித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு ஓடலாம், வலியைப் பார்த்து எப்படிக் கூட்டுவது குறைப்பது என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதோடு தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தும் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு அளவுப் பாடத்தோடு ஓடும் விதத்தைத் திருத்தும் பயிற்சி. 2018இல் முடிவு அச்சில் வந்தது. மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தேறியிருந்தன.

பயிற்சியும் திருத்தமும் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அளவைச் சரிபார்க்காமல் செய்கிற திருத்தம் நிற்காது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் அந்த அளவு எங்கே தவறுகிறது தெரியுமா?

"டொக்டர் ஓட வேணாம்னுட்டார், நடக்கலாமாம்" என்று வந்து சொல்லுவீர்கள். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள், நம் லயத்தில் வேறு பொருள். லயம் மேட்டில் இருக்கும், பள்ளிக்கூடம் கீழே ரோட்டோரம் இருக்கும். பீலிக்கு இறங்க வேண்டும், கடைக்கு இறங்க வேண்டும், பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். மண்ணை வெட்டிப் போட்ட படிகளில் முதுகில் புத்தகப் பையோடு இறங்கும் ஒவ்வொரு அடியிலும், முன் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது முழங்காற் சில்லு தொடை எலும்போடு இறுக்கி அழுத்தப்படுகிறது. சில்லைச் சுற்றி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருப்பது இதனால்தான். ஓட்டத்தை நிறுத்திவிட்டேன், ஆனாலும் வலி போகவில்லை என்கிற பிள்ளையிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கி ஏறுகிறாய் என்று கேட்டால் முழித்துக்கொண்டு நிற்கும். அதை யாரும் பயிற்சி என்று எண்ணுவதில்லை. முழங்காலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஓடும்போது இது இன்னும் கூடும். அமெரிக்காவில் கொட்சால், கிராம் என்ற இருவர் 2005இல் அளந்து எழுதியது இது: 9 பாகை இறக்கத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதும் அடி, சமதரையில் ஓடுவதைவிட நூற்றுக்கு 54 கூடியது. அதே 9 பாகை ஏற்றத்தில் அந்த மோதல் அடியே காணப்படவில்லை. 9 பாகை என்பது நம் தேயிலை மலைக்குள் போகும் குறுக்குப் பாதைகளில் பலவற்றுக்குக் கால் தூசு.

ஆகவே முதல் வேலை, ஒரு கொப்பி. ஓடிய தூரத்தை மட்டும் எழுதாமல் இறங்கியதையும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு இறக்கம், பின்னேர வகுப்புக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று. பாரம் தூக்கியிருந்தால் அதையும் போடுங்கள். ஒரு கிழமை எழுதினாலே எந்த நாளில் வலி கூடுகிறது, அதற்கு முதல் நாள் என்ன செய்தீர்கள் என்பது தெரிய வரும். குறைக்கக் கூடியதைக் குறையுங்கள். பீலிக்குப் போகும் வேலையைக் கொஞ்ச நாளைக்கு அண்ணனிடமோ தங்கச்சியிடமோ தள்ளிவிடலாம், வீட்டில் சண்டை வந்தாலும் பரவாயில்லை. குறைக்க முடியாத இறக்கத்தைச் சுற்றி இறங்குங்கள். 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில்பாதையையே பாருங்களேன். பட்டிப்பொலயில் 1,900 மீற்றருக்குக் கிட்ட இருக்கும் பாதை, பதுளையில் 650 மீற்றர் அளவுக்கு இறங்க வேண்டும். 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அந்தப் பாதைக்குப் போட்ட கணக்கு. அதற்காகத் தெமோதரையில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. முழங்கால் தேறும் வரை நீங்களும் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு லொறி போகும் ரோட்டில் வளைந்து இறங்குங்கள். பத்து நிமிஷம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பக்கத்தில் தண்டவாளத்தின் நடுவே சிலிப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைத்து ஓடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. சமதரை அதுதானே என்பார்கள். ரயில் வரும் ஆபத்து ஒரு பக்கம் இருக்க, கட்டைகளின் இடைவெளி உங்கள் எட்டின் அளவைத் தீர்மானித்துவிடுகிறது. ஒரு கட்டையைத் தாண்டி அடுத்ததில் கால் வைக்க எட்டிப் போட வேண்டி வரும், வலிக்கிற முழங்காலுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. அதை விட்டுவிடுங்கள்.

இனி, எந்த வலியோடு ஓடவே கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும்போதோ குதிக்கும்போதோ உள்ளே "டக்" என்று கேட்டு சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கியதா? மடக்கிய கால் மடங்கியபடியே பூட்டிக்கொள்கிறதா? நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்து விழப் பார்க்கிறீர்களா? பாரம் வைக்கவே முடியவில்லையா? காய்ச்சலோடு முழங்கால் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கிறதா? எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போகாதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் முன் நாண் அறுந்திருக்கலாம், அல்லது இடையில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு கிழிந்திருக்கலாம். முன் நாணுக்கு ஒப்பரேசன் செய்தவர்களை நோர்வேயிலும் அமெரிக்காவிலும் பின்தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதினார்கள். முட்டி மோதித் திரும்பி ஆடுகிற விளையாட்டுகளுக்குப் போகாமல், 9 மாதம் வரைக்கும் பொறுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயப்படுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 400 மீற்றரில் 43.03 செக்கன் என்ற உலக சாதனையை வைத்திருக்கும் வேய்ட் வன் நீகர்க், 2017 ஒக்டோபரில் ஒரு சிநேகபூர்வ ரக்பி ஆட்டத்தில் அந்த நாணை அறுத்துக்கொண்டு 2018 முழுவதும் ஓடாமல் இருந்தார். அவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், மூன்று மாதத்தில் வலய மட்டத்தில் ஓடிக் காட்டுகிறேன் என்று நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வளருகிற வயதில் வருகிற ஒன்றும் உண்டு. முழங்காற் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல் முனையில் ஒரு புடைப்பு, தொட்டால் வலி, முட்டி போட்டால் உயிர் போகிற வலி. ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர். கிடுகிடுவென்று உயரம் வைக்கும் ஒன்றிரண்டு வருஷத்தில் ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு வரும். அந்தப் புடைப்பை அழுத்தித் தேய்ப்பதால் நன்மை ஏதும் இல்லை. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் தணியும், வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் போய்விடும்.

இப்போது ஓடும் விதத்துக்கு வருகிறேன். முழங்கால் வலிக்குப் பிறகு ஓடுகிறவரிடம் திருத்த வேண்டிய முதல் பிழை, வலிக்கு முன்பு இருந்த பிழை அல்ல. வலி வந்தபின் ஒட்டிக்கொண்டது. கால் வலிக்கும்போது உடம்பு தானாகவே ஒரு தந்திரம் செய்யும். நோகிற காலில் குறைந்த நேரம் நிற்கும், மற்றக் காலில் பாரத்தைத் தள்ளும், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொள்ளும். வலி போன பின்பும் அந்தத் தந்திரம் போகாது.

இதற்கு ஜோன் பெனோயிட்டை விட நல்ல சாட்சி இல்லை. 1984இல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு மரதன் வைத்தார்கள். அமெரிக்காவின் தெரிவுப் போட்டி மே 12. மார்ச் மாதத்தில் நீண்ட ஓட்டம் ஒன்றின் நடுவே பெனோயிட்டின் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊசி போட்டும் ஓய்வெடுத்தும் சரிவராமல் ஏப்ரல் 25இல் சிறு துளை வழியாகச் சத்திர சிகிச்சை செய்தார்கள். தெரிவுப் போட்டிக்கு 17 நாள்தான் இருந்தது. கையால் சுற்றும் சைக்கிளில் மூச்சுப் பயிற்சி செய்தபடி இருந்தவர் ஓடத் தொடங்கினார். அப்போது என்ன ஆனது என்றால், ஒப்பரேசன் செய்த வலது கால் தாங்கியது. அதைக் காப்பாற்றப் போய்ப் பாரத்தை வாங்கிக்கொண்ட இடது காலின் பின்தொடைத் தசை இழுத்துவிட்டது. தெரிவுப் போட்டியில் எப்படியோ ஓடி வென்று, ஆகஸ்ட் 5இல் லொஸ் ஏஞ்சலீஸில் 2 மணி 24 நிமிஷம் 52 செக்கனில் தங்கமும் வாங்கினார். பத்திரிகைகள் 17 நாள் கதையைக் கொண்டாடின. அதைப் படித்துவிட்டு வீரம் பேச வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் எந்நேரமும் வைத்தியர்கள் நின்றார்கள், அவர் ஓடிய ரோடு நம் ரோடு இல்லை. அந்தக் கதையில் நமக்கு வேண்டியது இடது கால்தான்.

உங்கள் ஓட்டத்தில் நொண்டல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று காது. யாரும் இல்லாத நேரத்தில், பாட்டுக் கேட்காமல், தார் ரோட்டில் மெதுவாக ஓடி இரண்டு பாதமும் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள். ஒன்று "தப்" என்றும் மற்றது "டொம்" என்றும் விழுந்தால் பாரம் ஒரு பக்கம் போகிறது. மற்றது போன். ஒரு கல்லின் மேல் முழங்கால் உயரத்தில் போனைச் சாய்த்து வைத்து, முன்னால் குறுக்கே ஓடுங்கள். சில செக்கன் போதும். பிறகு மெதுவாக ஓடவிட்டு, பாதம் தரையைத் தொடுகிற அந்தக் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கி, கணுக்காலுக்கு நேர் மேலே இருந்தால் நல்லது. கால் முன்னால் நீண்டு, குதி குத்தி, முழங்கால் விறைத்திருந்தால் ஒவ்வோர் அடியும் பிரேக் பிடிக்கிறது. அடுத்ததாகப் பின்னாலிருந்து ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் நிற்கிற கணத்தில் மறுபக்கத்து இடுப்பு தொங்குகிறதா, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் இப்படி இடுப்புத் தொங்கிய பெண்களுக்கு வெறும் நிலைக்கண்ணாடி முன்னால் 8 தடவை ஓடவிட்டுத் திருத்தினார்கள். முதல் நாட்களில் எந்நேரமும் கண்ணாடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியை மறைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் திருத்தம் பெரும்பாலும் நின்றது. நம்மிடம் நிலைக்கண்ணாடி இல்லாவிட்டாலும் போன் இருக்கிறது. வீடியோவை நாள் தவறாமல் எடுத்துப் பார்க்கத் தொடங்கி, பழகப் பழகக் குறையுங்கள்.

திருத்துவது ஒரே ஒரு விஷயமாக இருக்கட்டும். ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றால் நான் சொல்வது: எட்டைக் குறுக்குங்கள், அடியை விரைவாக்குங்கள். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹைடர்ஷைட் என்பவரும் மற்றவர்களும் 45 ஓட்டக்காரர்களை வைத்து 2011இல் இதை அளந்தார்கள். அதே வேகத்தில் ஓடிக்கொண்டு, நிமிஷத்துக்கு வைக்கும் அடியை நூற்றுக்கு 5 கூட்டினாலே முழங்கால் வாங்க வேண்டிய வேலை நூற்றுக்கு 20 அளவில் குறைந்தது. 10 கூட்டினால் 34 அளவில் குறைந்தது. வலது கால் 30 செக்கனில் எத்தனை தடவை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 160 வந்தால், முதல் இலக்கு 168. அது பழகிய பிறகு 170, 172 என்று போகலாம். 180 என்று எல்லாரும் சொல்லுவார்கள். அது 1984 ஒலிம்பிக்கில் ஓடியவர்களை ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்றுநர் எண்ணிப் பார்த்ததில் வந்த இலக்கம். போட்டி வேகத்தில் பறக்கிற ஒலிம்பிக் கால்களின் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓடுகிற நீங்கள் அடித்துப் பிடிக்கத் தேவையில்லை.

போனில் மெட்ரனோம் என்று ஓர் அப் இருக்கிறது, "டிக் டிக்" என்று சீராகத் தட்டும். அது சலிப்பாக இருந்தால், காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிற அண்ணன் ஒருவரைப் பிடித்து, நிமிஷத்துக்கு 168 என்று ஒரே தாளத்தில் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ரோட்டில் பஸ் வரும்.

இந்தக் குறுகிய அடி இறக்கத்தில்தான் மிகவும் உதவும். இறக்கத்தில் பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை முன்னால் நீட்டிக் குதியால் குத்திக் குத்தி இறங்குவது நம் எல்லாருக்கும் வருகிற பழக்கம். அப்படிச் சாயச் சாயத் தொடைத் தசைக்கும் சில்லுக்கும் வேலை கூடும். இடுப்பிலிருந்து மெல்லிசாக முன்னால் சாய்ந்து ஓடினால் சில்லின் மேல் அழுத்தம் குறைகிறது என்று 2014இல் டெங், பவர்ஸ் இருவரும் காட்டினார்கள். கூனல் போடச் சொல்லவில்லை, இடுப்பிலிருந்து ஒரு சிறு சாய்வு, அவ்வளவுதான். கொழுந்து நிறுக்க மலையிலிருந்து இறங்குகிற அம்மாமாரைக் கவனியுங்கள். கூடைக் கயிறு நெற்றியில் இருப்பதால் உடம்பு முன்னால்தான் சாயும். சின்னச் சின்ன அடி, முழங்கால் இளகி இருக்கும், சறுக்குகிற இடத்தில் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைப்பார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் முழங்கால் நோகாமல் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது தாண்டினால் அந்த முழங்கால்கள் படும் பாடு உங்கள் வீட்டிலேயே தெரியும். வருஷக்கணக்கில் பாரத்தோடு இறங்கினால் எந்த நல்ல அடியும் போதாது.

வெறுங்காலைப் பற்றியும் கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பலர் வெறுங்காலோடு ஓடிப் பரிசு வாங்குகிறவர்கள். கென்யாவில் வெறுங்காலோடு வளர்ந்த ஓட்டக்காரர்கள் முன்பாதத்தை ஊன்றி ஓடுகிறார்கள் என்றும், அதனால் தரையில் மோதும் முதல் அடி மெத்தென்று விழுகிறது என்றும் 2010இல் டேனியல் லீபர்மன் எழுதியது பெரும் பேச்சாகியது. அதைக் கேட்டு, முழங்கால் நோகிறது என்று ஒரே நாளில் முன்பாதத்துக்கு மாறினால், முழங்காலில் குறைந்த பாரம் கெண்டைக்கால் தசைக்கும் குதி நாணுக்கும் போகும். ஏற்றம் ஏறி ஏறி அந்த நாண் ஏற்கெனவே பாடுபட்டிருக்கிறது. ஆகவே வெறுங்காலில் பழகியவர்கள் வெறுங்காலிலேயே இருங்கள், சப்பாத்தில் பழகியவர்கள் சப்பாத்திலேயே இருங்கள். முழங்கால் தேறும் காலத்தில் அதை மாற்றத் தேவையில்லை. விலை கூடிய சப்பாத்து வாங்கித் தராததால் வலி வந்தது என்று வீட்டில் சொல்லவும் வேண்டாம். குதி ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்த பழைய சப்பாத்தைத் தூக்கிப் போட்டால் போதும்.

முழங்கால் வீங்கினால் முன் தொடைத் தசையை நரம்புகள் ஓரளவு அணைத்துவிடும். அது சோம்பல் இல்லை, உடம்பு அப்படித்தான் செய்யும். அதனால் தொடை மெலியும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்றை வாங்கி, சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து கொப்பியில் எழுதுங்கள். மெலிந்த தொடையோடு எந்த அழகான விதத்தில் ஓடினாலும் இறக்கத்தில் முழங்கால் தள்ளாடும். லயத்து வாசற்படி ஒன்று போதும். படியில் ஒரு காலில் நின்று, மறு குதி தரையை மெல்லத் தொடும் அளவுக்கு மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறுங்கள். முழங்கால் உள்ளே சாயக் கூடாது, இரண்டாவது கால்விரலுக்கு நேரே போக வேண்டும். சாய்ந்தால் படி உயரம், குறைந்த படிக்குப் போங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்காருங்கள், ஒரு காலில் எழும்பிக் குதியைத் தூக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். மூன்று நாளில் ஒன்றும் தெரியாது.

ஓட்டத்துக்குத் திரும்புவது இப்படி: வேகமாக நடந்தும் வலி கூடாமல் இருந்தால், சமதரையில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். வலிக்கு நீங்களே புள்ளி போடுங்கள், வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. ஓடும்போது 2, 3 வரை வந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலையில் பீலிக்கு இறங்கும்போது நேற்றுக் காலையில் இருந்த அளவிலேயே இருந்தால், நேற்று ஓடியது தாங்கியிருக்கிறது. கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ ஒரு படி பின்னால் போங்கள். சமதரை தாங்கியதும் ஏற்றம், அது தாங்கியதும் லேசான இறக்கம், கடைசியில்தான் வேகமான இறக்கம். தம்பேதன்னத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் 7 கிலோமீற்றர் நல்ல பயிற்சி, ஏறிவிட்டுத் த்ரீவீலில் இறங்குங்கள். சுற்றுலாப் பயணிகள் சிரித்தால் சிரிக்கட்டும். வாகனம் அரிதான ரோட்டில், எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடாமல் மாறி மாறி ஓடுங்கள். ரோட்டின் விளிம்பு கானை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எந்நேரமும் பள்ளத்தில் விழும். மார்கழி மழையில் களிமண் பாதை சறுக்கும்போது பழகும் விதம் எல்லாம் மறந்துபோகும், அப்போது நடந்தால் போதும்.

பெற்றோருக்கு இரண்டு வரி. "ஓடி ஓடி முழங்கால் தேய்ஞ்சுபோகும்" என்று பிள்ளையை மறிக்காதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள்: பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது நூற்றுக்கு 3.5 பேருக்கு, ஓடாமல் இருப்பவர்களில் 10.2 பேருக்கு.

கடைசியாக, விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களான சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும். தெரிவில் பெயர் போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைக்கிற பிள்ளைகள் உங்கள் அணியில் இருக்கிறார்கள். "வலி இருந்தால் சொல்லு, பெயரை வெட்ட மாட்டேன்" என்று ஒரு தரம் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். மரதனுக்குப் பாதை போடும்போது, பள்ளிக்கூட வாசலில் தொடங்கி நேரே இறக்கத்தில் விடும் வழக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். விசில் ஊதினதும் சூடேறாத கால்களோடு நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறக்கத்தில் பாய்கிறார்கள். முடிகிற இடத்தில் பந்தயம் இறுகும்போதும் இறக்கமே இருந்தால், முன்னுக்கு ஓடும் பிள்ளை எட்டிப் பாயாமல் என்ன செய்யும்? தொடக்கத்தில் கொஞ்சம் சமதரையோ ஏற்றமோ, முடிவில் ஓர் ஏற்றம், இறக்கம் நடுவில் என்று பாதையைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். நேரம் கொஞ்சம் கூடும். எல்லாரும் அதே பாதையில் ஓடுவதால் இடங்கள் மாறாது. அடுத்த தவணைக்குப் பொலிஸில் ரோட்டுக்கு அனுமதி எழுதப் போகும்போது, அந்தப் பாதையை ஒரு தரம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஓட்டக்காரன்